நாற்றம் இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமா?

கடலோரச் சிற்றூர்களில் கழிவுநீர் அமைப்புகளைச் சோதிக்கப் போகும்போது நான் முதலில் கேட்பது, "செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?" என்றுதான். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நாற்றம் இல்லை, அடைப்பு இல்லை, தண்ணீர் சட்டென்று இறங்கிவிடுகிறது. எதற்குத் திறக்கணும்?" அந்தச் சட்டென்று இறங்குவதுதான் எனக்குக் கவலை: சரியாக வடிகட்டப்படாமலே போகிறதோ என்று.

டேங்க் பாதி வேலையைத்தான் செய்யும். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் குழாய் வழியாக வெளியே மண்ணுக்குள் போகும். கிருமிகளை வடிகட்டுவது மண். அதற்குக் குழாய்க்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே இரண்டு மூன்று அடியாவது காற்றோட்டமுள்ள உலர்ந்த மண் வேண்டும். கரையை ஒட்டிய ஒரு வீட்டில் காலையில் சோதனைக் குழி தோண்டினோம். நாலடி வரை உலர்ந்த மணல். கடலில் ஓதம் ஏறி நீர்மட்டம் உயர்ந்த பிறகு போய்ப் பார்த்தால், அதே குழியில் இரண்டடி ஆழத்திலேயே தண்ணீர் நின்றது. காலையில் மட்டும் பார்த்துவிட்டு அனுமதி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

சரி, மண் நன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நைட்ரஜன் தப்பிவிடுகிறது. பாஸ்பரஸை மண் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவோ காற்றுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறி, நிலத்தடி நீரோடு சேர்ந்து கடலுக்குப் போய்விடும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஒரு ஆள் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ நைட்ரஜனை வெளியேற்றுகிறார். 300 பேர் உள்ள ஊர் என்றால் ஒரு டன்னுக்கு மேல். அலையடிப்பு குறைந்த உப்பங்கழிக்கும் சிறு வளைகுடாவுக்கும் இது பெரிய சுமை. பாசி பெருகி வெளிச்சத்தை மறைக்கும், கடற்புல் சாகும். பாசியும் செத்து மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறும். அப்புறம், சிப்பிகள் நீரை வடிகட்டி உண்பவை. சரியாக வடிகட்டப்படாத நீரிலுள்ள வைரஸ்கள் அவற்றின் உடலில் சேர்ந்துவிடும்.

நைட்ரஜனை நீக்க வழி இல்லாமல் இல்லை. முதலில் காற்றூட்டி அம்மோனியாவை நைட்ரேட்டாக்க வேண்டும். பிறகு ஆக்சிஜன் இல்லாத, மரச்சில்லுகள் நிரப்பிய தொட்டி வழியாக அந்த நீரை விட்டால், பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். நான் பார்த்தவரை தொழில்நுட்பம் தோற்பது குறைவு, பராமரிப்புதான் தோற்கிறது. ஒரு வீட்டில் கரண்ட் மிச்சமாகட்டும் என்று காற்றூட்டும் கருவியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது எதற்காக ஓடுகிறது என்று யாருமே அவர்களுக்குச் சொல்லவில்லை. அதனால்தான், வீட்டுக்கு வீடு கருவியை மாட்டிவிட்டுப் போவதைவிட, இருபது முப்பது வீடுகளுக்குப் பொதுவாக ஒரு சிறு நிலையம் அமைத்து, அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒருவரை வைப்பதே மேல் என்கிறேன்.

பலனுக்குப் பொறுமை வேண்டும். நிலத்தடி நீர் மெதுவாக நகரும். இன்று கடலில் சேரும் நைட்ரேட் பல ஆண்டுகளுக்கு முன் மண்ணில் இறங்கியதாக இருக்கலாம். இரண்டு வருடம் பார்த்துவிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

அதுவரை, உங்கள் டேங்கைத் தெரிந்த ஆளை வைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். விஷவாயு இருக்கும், யாரும் உள்ளே குனியவோ இறங்கவோ கூடாது. வெள்ளைத் துணி சுற்றிய நீளக் கம்பை அடிவரை விட்டு எடுத்தால், கசடு எவ்வளவு உயரம் என்று துணியில் கறுப்பாகத் தெரியும். கசடும் மேலே மிதக்கும் படலமும் சேர்ந்து டேங்கில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால், அப்போதே லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.