ரன்னிங் பேக்கின் முழங்கால்

டென்வர் பிராங்கோஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் டெரல் டேவிஸ் 1995 முதல் 1998 வரை நான்கு பருவங்களில் பந்தை ஏந்தி 6,413 கெஜம் ஓடினார். அதன்பின் ஆடிய மூன்று பருவங்களிலும் சேர்த்து அவரால் 1,194 கெஜமே ஓட முடிந்தது. இடையில் நேர்ந்தது, 1999 அக்டோபரில், அவரது 26ஆம் வயதில், வலது முழங்காலில் ஏற்பட்ட ஜவ்வுக் கிழிவு. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கின் தொழில் வாழ்க்கை ஏன் பெரும்பாலும் சட்டென்று முடிந்துவிடுகிறது என்பதை அந்த மூட்டின் அமைப்பே பெருமளவு விளக்குகிறது.

எதிரணியின் தடுப்பு வரிசையில் திறக்கும் இடைவெளிக்குள் பாய்வதே ரன்னிங் பேக்கின் வேலை. அது மூடிக்கொண்டால், முழு வேகத்தில் ஒரு காலை ஊன்றி, உடலை வேறு திசைக்குத் திருப்ப வேண்டும். அப்போது உடல் எடையைவிடப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. பாதம் தரையில் பதிந்திருக்கையில் முழங்கால் உட்புறமாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்டால், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பது மூட்டின் நடுவே சாய்வாகச் செல்லும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு. எதிராளி தொடாமலேயேகூட அது அறுந்துவிடும். டேவிஸுக்கோ பந்தோடு ஓடுகையில் எதுவும் ஆகவில்லை. தம் அணி எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய எதிரணி வீரரை மடக்கப் போன இடத்தில்தான் கால் போயிற்று.

முழங்காலின் உட்பக்க ஜவ்வும் அவருக்குக் கிழிந்திருந்தது. நல்ல ரத்த ஓட்டம் உள்ள அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஏ.சி.எல். அப்படியல்ல: அதைச் சூழ்ந்துள்ள மூட்டுநீர், அறுந்த முனைகளுக்கிடையே ரத்தம் உறைந்து நிற்க விடுவதில்லை. ஆகவே முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ தொடையின் பின்புறத்திலிருந்தோ தசைநாணின் ஒரு பகுதியை எடுத்து அவ்விடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்திய துண்டு முதலில் வலுவிழக்கிறது; அதன் பழைய செல்கள் மடிந்து, புதிய ரத்த நாளங்களும் செல்களும் உள்ளே புகுந்த பிறகே, பல மாதங்களில், அது மெல்ல ஜவ்வின் தன்மையைப் பெறுகிறது. வலியும் வீக்கமும் அதற்கு வெகு முன்பே வடிந்துவிடுவதால், கால் தேறிவிட்டது என்று ஆட்டக்காரர் நம்பிவிடுவதுதான் ஆபத்து.

2011 டிசம்பரில் இதே இரு ஜவ்வுகளும் கிழிந்த ஏட்ரியன் பீட்டர்சன் என்ற ரன்னிங் பேக், 2012 பருவத்தில் 2,097 கெஜம் ஓடினார். 1984இல் எரிக் டிக்கர்சன் ஒரே பருவத்தில் ஓடிப் படைத்த சாதனைக்கு அது எட்டு கெஜமே குறைவு. அதை விதிவிலக்காகக் கொள்வதே நியாயம்.

1998இல் டேவிஸ் 392 முறை பந்தை ஏந்தி ஓடியதே அவரை முடக்கியது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் எம்மிட் ஸ்மித் என்ற ரன்னிங் பேக் நான்கு பருவங்களில் தலா 360 முறைக்கு மேல் ஓடியும், மொத்தம் 15 பருவங்கள் ஆடி 18,355 கெஜம் சேர்த்தார். ஒரு மூட்டு இன்னும் எத்தனை திருப்பங்களைத் தாங்கும் என்று அளந்து சொல்ல வழியில்லாததால், அணிகள் வயதைக் கொண்டே கணக்குப் போடுகின்றன. இன்று, அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வுமுறையில் சேரும் இளைஞருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள்; அது முடிந்து பெரிய சம்பளம் கேட்கும் 26 வயதில், அவரது ஆட்டத்தைவிட அவரது கால்களைப் பற்றியே பேரம் நடக்கிறது.