சிங்கர்-சாங்ரைட்டர்: 'பாடகர்-பாடலாசிரியர்' ஏன் பொருந்தாது?

நகாஜிமா மியூக்கியைப் பற்றித் தமிழில் படிக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே 'ஜப்பானியப் பாடகி-பாடலாசிரியை' வந்து நிற்கிறது. இனோவே யோசுய்க்கும் யோஷிதா தகுரோவுக்கும் 'பாடகர்-பாடலாசிரியர்'. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தெழுதி, இப்போது இதுதான் தமிழ்ச் சொல் என்றே ஆகிவிட்டது. 'சிங்கர்-சாங்ரைட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இது தவறான தமிழாக்கம். தவறு சின்னதும் இல்லை. அந்தக் கலைஞர்கள் செய்த வேலையில் பாதியை மறைத்துவிடுகிறது.

சொல்லின் பிறப்பை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தானே பாட்டை உருவாக்கித் தானே பாடுகிறவர் சிங்கர்-சாங்ரைட்டர். ஆங்கிலத்திலிருந்து ஜப்பானுக்குப் போய், 1970களில் அங்கே ஊன்றிக்கொண்டது. ஜப்பானியர்கள் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி 'ஷிங்கா சோங்கு ரைத்தா' என்கிறார்கள். அவர்களிடம் 'ஜிசாகு ஜியென்' என்று சொந்தச் சொல்லும் உண்டு: தானே படைத்து, தானே நிகழ்த்துவது. ஆனால் இன்றைய பேச்சில் அதற்கு 'தானே அரங்கேற்றிய பொய் நாடகம்' என்ற பொருள் ஏறிவிட்டது. மரியாதைக்குரிய கலைஞரை அப்படிச் சொல்லக் கூச்சமாக இருக்குமல்லவா?

இப்போது 'பாடலாசிரியர்'. தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் யார் நினைவுக்கு வருகிறார்? கண்ணதாசன். அவர் வரிகளை எழுதினார், மெட்டு விஸ்வநாதனுடையது. பாடலாசிரியர் என்றால் வரி எழுதுகிறவர், இசை வேறொருவர் பொறுப்பு என்று திரைப்பட விளம்பரங்களும் வானொலி அறிவிப்பும் பல பத்தாண்டுகளாக நமக்குப் பழக்கிவிட்டன. 'சாங்ரைட்டர்' என்பதில் உள்ள 'ரைட்' எழுத்து வேலையை மட்டும் குறிப்பதில்லை. மெட்டும் அதற்குள் அடக்கம். அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடியவர் 'ரைட்டர்' என்பதைப் பார்த்ததும் 'ஆசிரியர்' என்று போட்டுவிட்டார். மெட்டு காணாமல் போனது.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கயாமா யூசோவே போதும். ஜப்பானில் சிங்கர்-சாங்ரைட்டர்களின் முன்னோடி என்று இவரைச் சொல்வார்கள். 1965இல் வெளிவந்த 'கிமி தோ இத்சுமாதேமோ' (உன்னோடு என்றென்றும்) இவருடைய புகழ்பெற்ற பாட்டு. அதன் வரிகளை எழுதியவர் இவாதானி தோக்கிகோ என்ற பெண்மணி. மெட்டு 'தான் கோசாகு' என்பவருடையது. யார் அந்தத் தான் கோசாகு? கயாமாவேதான். தான் இக்குமா, யமதா கோசாகு என்ற இரு பெரிய இசையமைப்பாளர்களின் பெயர்களிலிருந்து எடுத்துச் செய்துகொண்ட புனைபெயர் அது. ஆக, இவர் இந்தப் பாட்டைப் பாடினார், மெட்டமைத்தார், ஆனால் ஒரு வரிகூட எழுதவில்லை. இவரைப் 'பாடகர்-பாடலாசிரியர்' என்று எழுதினால், செய்யாத வேலையைச் செய்ததாகவும் செய்ததைச் செய்யாததாகவும் ஆகிவிடுகிறது.

யூமியின் கதையும் அப்படித்தான். ஹச்சியோஜியில் கிமோனோக் கடைக் குடும்பத்தில் 1954இல் பிறந்த அராய் யூமி, 1976இல் திருமணத்துக்குப் பிறகு மட்சுதோயா யூமி ஆனவர். தனக்காகப் பாடும்போது வரியும் அவரே, மெட்டும் அவரே. 1973இல் வந்த 'ஹிக்கோக்கிகுமோ' (விமானம் விட்டுச் சென்ற மேகக்கோடு) அப்படிப்பட்ட பாட்டு. 2013இல் அசைவூட்டப் பட இயக்குநர் மியாசாகியின் ஒரு படத்தின் வழியாக அடுத்த தலைமுறையின் காதிலும் அது விழுந்தது. ஆனால் 1982இல் மட்சுதா செய்கோ பாடிய 'அக்காய் சுவீட் பீ' பாட்டுக்கு வரிகள் மட்சுமோத்தோ தக்காஷி, மெட்டு 'குரேதா கருஹோ'. ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவின் பெயரை ஜப்பானிய நாக்கில் புரட்டி யூமி வைத்துக்கொண்ட புனைபெயர் இது. அந்தப் பாட்டில் அவர் பாடகியும் இல்லை, பாடலாசிரியையும் இல்லை. முழுக்க மெட்டுக்காரர்.

ஜப்பானிய இசைத்தட்டு உறைகள் இதில் கறாரானவை. வரி எழுதுவது 'சாகுஷி', மெட்டமைப்பது 'சாக்கியோக்கு', வாத்தியங்களை ஒழுங்குபடுத்துவது 'ஹென்கியோக்கு' என்று மூன்றையும் தனித்தனியே போட்டுவிடுவார்கள். அந்த உறையைப் பார்த்து மொழிபெயர்த்தால் தவறு நேர வாய்ப்பே இல்லை. ஆங்கிலச் சுருக்கத்தைப் பார்த்து எழுதுவதால்தான் வருகிறது. ஜப்பானியப் பொருள் எதுவானாலும் ஆங்கில வாசல் வழியாகவே நுழைவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 'ஊவே ஓ முயித்தே அருக்கோ' (அண்ணாந்து பார்த்து நடப்போம்) என்ற 1961ஆம் ஆண்டுப் பாட்டைத் தமிழிலும் 'சுகியாகி' என்றே எழுதுகிறார்கள். சுகியாகி என்பது மாட்டிறைச்சி போட்டு மேசையிலேயே வேகவைத்துச் சாப்பிடும் பதார்த்தம். பாட்டோ, கண்ணீர் சிந்தாமலிருக்க மேலே பார்த்துக்கொண்டு தனியாக நடப்பவனைப் பற்றியது. அந்நிய நாட்டு இசைத்தட்டு வியாபாரிகள் வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? அதைப் பாடிய சகாமோத்தோ கியூவையும் சிலர் 'பாடகர்-பாடலாசிரியர்' ஆக்கிவிடுகிறார்கள். வரி எய் ரோக்குசுக்கே, மெட்டு நகாமுரா ஹச்சிதாய். கியூ பாடினார், அவ்வளவுதான்.

சரி, மாற்று என்ன? 'பாணர்' என்று சொல்லலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பாணர் யாழோடு புரவலரை நாடிப் போன இசைமரபினர். பாட்டியற்றியவர்கள் என்று நாம் படிப்பது பெரும்பாலும் புலவர்களை. தகுரோவின் முதுகில் யாழை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'வாக்கேயகாரர்' பொருளளவில் துல்லியம்: வாக்கும் கேயமும், அதாவது சொல்லும் இசையும், ஒருவரே செய்வது. வடசொல் என்பதற்காக அதை நான் ஒதுக்கவில்லை. கேட்டதும் தியாகராஜரும் கீர்த்தனையும் கண்முன் வந்துவிடும் என்பதுதான் சிக்கல். 'தன்பாட்டுப் பாடகர்' என்றால் 'தன்பாட்டுக்குப் பாடுகிறவர்' என்று காதில் விழும்.

சொல்லையும் இசையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மொழியா நம்முடையது? பரிபாடலின் மூன்றாம் பாட்டுக்குக் கீழே பாட்டு கடுவன் இளவெயினனார், இசை பெட்டனாகனார், பண் பாலையாழ் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். இசைத்தட்டு உறைக்கு இதைவிட ஒழுங்கான முன்மாதிரி வேண்டியதில்லை.

பிரிக்கத் தெரிந்த மொழிக்குச் சேர்க்கவும் தெரியும். 'பாட்டுக் கட்டுவது' என்று ஊரில் சொல்கிறோமே, அதில் வரியும் மெட்டும் ஒன்றாகவே வருகின்றன. 'அவர் நல்லாப் பாட்டுக் கட்டுவார்' என்றால் யாரும் 'வரியா, மெட்டா?' என்று திருப்பிக் கேட்பதில்லை. கதை கட்டுவது புளுகாகிவிட்டது. பாட்டுக் கட்டுவதில் அந்தக் கறை ஒட்டவில்லை. எனவே ஓடும் நடையில் 'பாட்டுக் கட்டிப் பாடுபவர்', தலைப்புக்குச் சுருக்கமாகப் 'பாட்டுக்கட்டுநர்'. ஓட்டுநர், இயக்குநர் போல ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். நடுவில் சிறுகோடும் வேண்டாம்.

யோசுயின் 'கசா கா நாய்' (குடை இல்லை) பாட்டைக் கேட்டால் இந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கும். 1972ஆம் ஆண்டுப் பாட்டு. நகரத்தில் தற்கொலை செய்துகொள்ளும் இளைஞர்கள் பெருகுகிறார்கள் என்று இன்றைய நாளிதழில் இருக்கிறது. ஆனால் என் கவலை இன்றைய மழை, குடை இல்லை என்று தொடங்குகிறது. பிறகு 'இகனாக்குச்சா', அதாவது 'போயாக வேண்டும்', திரும்பத் திரும்ப வருகிறது. பேச்சில் சட்டென்று முடிந்துவிடும் குறுகிய வடிவம் அது. யோசுய் அதன் கடைசி அசையை இழுத்துப் பாடும்போதுதான் பாட்டில் பேசுகிறவனுடைய தவிப்பு தெரிகிறது. காகிதத்தில் அந்த வரி வெறும் செய்தி. இந்தத் தவிப்பை எழுதியவர் என்று யோசுயைச் சொன்னால் போதாது. வரியும் இழுப்பும் சேர்ந்தே கட்டப்பட்டவை.

சொல்லை எங்கே போடக்கூடாது என்பதும் முக்கியம். 1974இல் மோரி ஷின்இச்சி பாடி ஜப்பான் இசைத்தட்டு விருது வாங்கிய 'எரிமோ மிசாக்கி'க்கு வரிகள் ஒக்காமோத்தோ ஒசாமி, மெட்டு தகுரோ. அந்தப் பாட்டைப் பற்றி எழுதும்போது தகுரோ மெட்டமைத்தவர் மட்டுமே. 1972இல் அவரே பாடிய 'கெக்கோன் ஷியோ யோ'வில் (கல்யாணம் செய்துகொள்வோம்) வரி, மெட்டு, குரல் மூன்றும் அவருடையவை. அங்கே தயங்காமல் எழுதலாம், பாட்டுக்கட்டுநர் யோஷிதா தகுரோ என்று.