வழிகாட்டியைத் தேடும்போது மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் பார்க்க வேண்டும்?

முனைவர் பட்ட ஆய்வில் சேர விரும்பும் மாணவர்கள் ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கை அறிவிப்பு வந்தவுடன் எங்கள் மருத்துவ நூலகத்துக்கு வருவார்கள். கைபேசியில், ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தில் நோயெதிர்ப்பியல் பேராசிரியர் ஒருவரின் பக்கம் திறந்திருக்கும். "இவருக்கு எச்-இன்டெக்ஸ் முப்பத்திரண்டு, இன்னொருவருக்குப் பதினொன்றுதான். இவரிடமே விண்ணப்பிக்கலாம் அல்லவா?" என்று கேட்பார்கள். ஆசிரியர்களின் பதவி உயர்வுக் கோப்புகளுக்கு மேற்கோள் அறிக்கை, அதாவது அவர்களுடைய கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியிருக்கின்றன என்ற கணக்கு, தயாரித்துக் கொடுப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. இந்த எண்கள் எப்படிச் சேர்கின்றன என்பதை அருகிலிருந்து பார்ப்பவன் என்பதால், ஐந்து ஆண்டு வாழ்க்கையை ஒப்படைக்கப் போகும் பிள்ளைகளிடம் "ஆம்" என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

எச்-இன்டெக்ஸ் என்பது 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. வாழ்நாளில் ஐந்தே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றும் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் எண் 5தான். எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையை அது ஒருபோதும் தாண்டாது. அதனால் அது நீண்ட காலம் நிறைய எழுதியவருக்குச் சாதகமானது. குறைவாக எழுதி ஆழமாகப் போனவரை அதில் தேடினால் கிடைக்கமாட்டார்.

இதற்கு நோயெதிர்ப்பியலிலேயே அண்மைச் சான்று இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது. நம் உடலின் பாதுகாப்புப் படை நம்மையே தாக்காமல் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளையணு வகையைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக வழங்கப்பட்ட பரிசு அது. பிரங்கோவின் ஆய்வு பல்கலைக்கழகத்தில் நடந்ததல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஓர் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்தது. 1940களில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய ஒரு சுண்டெலி வகையில் ஆண் குட்டிகள் தோல் செதில் செதிலாகி, சில வாரங்களிலேயே இறந்துபோயின. குறைபாடு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது தெரியும். எந்த மரபணுவில் என்பது தெரியாது. பிரங்கோவும் ராம்ஸ்டெலும் தேடலை இருபது மரபணுக்கள் வரை சுருக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். இருபதாவது மரபணுவில்தான் பிழை அகப்பட்டது. அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டு 2001இல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஆண் குழந்தைகளைப் பாதிக்கும் ஐபெக்ஸ் என்ற கொடிய நோய்க்கும் அதே மரபணுதான் காரணம் என்பதும் அந்த ஆண்டே உறுதியானது.

நோபல் அறிவிப்பு வந்த நாளில் பிரங்கோ சியாட்டிலில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் திட்ட மேலாளர். தனக்கென ஆய்வுக்கூடம் நடத்தும் பேராசிரியர் அல்லர். அந்தக் கண்டுபிடிப்பைத் தொடர்ந்து ஃபாக்ஸ்பி3 பற்றி அடுக்கடுக்காகக் கட்டுரை எழுதி மேற்கோள் சேர்த்தவரும் அல்லர். இதே துறைக்காக 2017இல் வழங்கப்பட்ட கிராஃபோர்ட் பரிசு சகாகுச்சி, ராம்ஸ்டெல், அலெக்சாண்டர் ருடென்ஸ்கி மூவருக்கும் சென்றது. ருடென்ஸ்கி இத்துறையின் பெரிய அறிஞர். மேற்கோள் கணக்கில் பிரங்கோவைவிட எவ்வளவோ மேலே இருப்பவர். எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்றால் பிரங்கோவின் பெயர் பரிசீலனைக்கே வந்திருக்காது. 2001ஆம் ஆண்டுக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று படித்தவர்கள் இருந்ததால் வந்தது.

சகாகுச்சியின் கதை வேறு விதமானது. 1970களில் 'அடக்கும் டி செல்' என்ற கருத்து நோயெதிர்ப்பியலை ஆட்டிப்படைத்தது. ஏராளமான கட்டுரைகள் வந்தன, ஒன்றையொன்று மேற்கோள் காட்டின. அந்தச் செல்களுக்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட ஐ-ஜே என்ற மரபணு, இருக்க வேண்டிய இடத்தில் இல்லவே இல்லை என்று 1980களின் தொடக்கத்தில் டிஎன்ஏ ஆய்வுகள் காட்டியதும் அந்தக் கட்டடம் சரிந்தது. மேற்கோள்கள் மட்டும் ஏட்டில் அப்படியே நின்றன. பலர் துறையைவிட்டு விலகிய அந்தக் காலத்தில் சகாகுச்சி, பிறந்த மூன்றாம் நாளில் தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட எலிகள் ஏன் தன்னுடல் தாக்கு நோய்க்கு ஆளாகின்றன என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். 1995இல் அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் சங்கத்தின் 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி' இதழில் விடை வந்தது: ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இதழ்களைச் சராசரி மேற்கோளால் அளக்கும் இம்பாக்ட் ஃபாக்டர் பட்டியலின் உச்சியில் இருக்கும் இதழ் அல்ல அது. அந்தக் கட்டுரை இன்று பல ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் வெளிவந்த முதல் சில ஆண்டுகளில் ஒரு மாணவர் எண்ணை மட்டும் பார்த்து வழிகாட்டி தேடியிருந்தால் அவரைத் தாண்டிப் போயிருப்பார்.

மேற்கோள் பாராட்டாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 'லான்செட்' இதழில் 1998இல் வெளியிட்ட கட்டுரை, பன்னிரண்டு குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனில் அவருடைய மருத்துவப் பதிவும் ரத்தானது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன, பெரும்பாலும் மறுப்பதற்காக. கணக்கு வைக்கும் கணினிக்கு மறுப்பும் ஒன்று, ஆதரவும் ஒன்று. தடுப்பூசிக்கு எதிராகப் பேசுபவர்கள் "எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை தெரியுமா?" என்று கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அடுத்து நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். தமிழர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான். தரவுத்தளங்களோ கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரே ஆய்வாளர் ஒரு கட்டுரையில் தன் பெயரிலும் இன்னொன்றில் தந்தை பெயரிலும் பதிவாகி, ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று ஆட்களாகச் சிதறிக் கிடப்பார். மறுபக்கம், 'எஸ். குமார்' என்ற பெயரில் கூகுள் ஸ்காலர் பக்கம் வைத்திருப்பவருக்கு ஊர் பேர் தெரியாத குமார்களின் கட்டுரைகளெல்லாம் தானாக வந்து சேரும். நோயெதிர்ப்பியல் பேராசிரியரின் பட்டியலில் கான்கிரீட் வலிமை பற்றிய கட்டுரை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர் ஏமாற்றவில்லை. திறந்து பார்த்து நீக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எண் ஏறிவிடுகிறது. அந்த எண்ணோடு கல்லூரியின் விளம்பரமும் வந்துவிடுகிறது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகக் கிடைக்கும் ஆர்சிட் எண்ணை வாங்கி எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே விதமாகப் பெயர் எழுதும்படி இளம் ஆய்வாளர்களிடம் நான் கெஞ்சாத நாள் இல்லை.

செப்டம்பர் மாதத்தில் செய்தித்தாள்களில் வரும் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' செய்திகளையும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் இயோனிடிஸ் குழு தயாரிக்கும் அந்தப் பட்டியலில், வாழ்நாள் பணிக்கு ஒரு அட்டவணையும் ஒரே ஒரு ஆண்டின் மேற்கோள்களுக்கு இன்னொரு அட்டவணையும் தனித்தனியாக இருக்கின்றன. நம் செய்திகள் எது என்று அநேகமாகச் சொல்வதே இல்லை. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிய அளவு எவ்வளவு என்பதும் அதே பட்டியலில் தனி நெடுவரிசையாக இருக்கிறது. அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரே ஆய்வைத் தொடர்ந்து செய்பவர் தன் முந்தைய கட்டுரையைச் சுட்டுவது இயல்பு. பாதிக்குப் பாதி தன்னுடையதாகவே இருந்தால், அவரைக் காட்டி வரும் கல்லூரி விளம்பரத்தை மடித்து வைத்துவிடலாம்.

சரி, மாணவர் என்ன செய்யலாம்? பேராசிரியரின் பட்டியலை மேற்கோள் வரிசையிலிருந்து ஆண்டு வரிசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்த கட்டுரைகள் எவை என்று பாருங்கள். நோயெதிர்ப்பியலில் வழக்கமாக, வேலையைச் செய்த மாணவர் பெயர் முதலிலும் ஆய்வுக்கூடத் தலைவர் பெயர் கடைசியிலும் இருக்கும். நாற்பது பேர் எழுதிய தடுப்பூசிச் சோதனைக் கட்டுரையின் நடுவே பெயர் இருப்பது தவறல்ல, ஆனால் அதன் இரண்டாயிரம் மேற்கோள்களை வைத்து அவரை எடைபோட முடியாது. பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் மறுஆய்வுக் கட்டுரைகளுக்கு மேற்கோள் தாராளமாகக் கிடைக்கும். அவற்றையும் தனியே ஒதுக்குங்கள். மிஞ்சியவற்றில் இரண்டை முழுமையாகப் படியுங்கள். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தேடினால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் மேல் எச்சரிக்கைக் குறிப்பு இருக்கும், அதையும் கவனியுங்கள்.

பிறகு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்துக்குப் போய் வழிகாட்டியின் பெயரைத் தேடுங்கள். அவரிடம் பட்டம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் அங்கே இருக்கும். பதிவு செய்த ஆண்டும் முடித்த ஆண்டும் குறிப்பிடப்பட்டிருந்தால் இடைவெளியைப் பாருங்கள். ஆய்வேட்டை எழுதியவரின் பெயர் பேராசிரியரின் கட்டுரைகளில் முதலிடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி, கருத்து வேறுபாடு வந்தபோது பேராசிரியர் எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். பெரும்பாலோர் பதில் எழுதுவார்கள்.