அனாடமியை மறுபடி படிக்கப் பணம் கட்டும் முன்

அமெரிக்காவில் ஐசியூவில் வேலை பார்த்துக்கொண்டே சிஆர்என்ஏ (மயக்க மருந்து கொடுக்கும் சிறப்பு நர்ஸ்) படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் நம்ம ஊர் நர்ஸ்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அக்கா, பி.எஸ்சி.யில் படிச்ச அனாடமி எல்லாம் மறந்தே போச்சு. எந்த கோர்ஸ்ல சேரலாம்?"

மறந்ததை மீட்கவா, அட்மிஷனுக்கா என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டுக்கும் கோர்ஸ் வேறு.

அட்மிஷனுக்கு என்றால், பணம் கட்டும் முன் நீங்கள் குறிவைத்திருக்கும் கல்லூரிகளுக்கு மெயில் போடுங்கள். அறிவியல் பாடங்களை 5 அல்லது 10 வருஷத்துக்குள் முடித்திருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும், சில கேட்காது. ஆன்லைன் லேபை ஒரு கல்லூரி ஏற்கும், இன்னொன்று ஏற்காது. திரும்பப் படித்தால் புது கிரேடை மட்டும் பார்ப்பார்களா, இரண்டையும் சராசரி போடுவார்களா என்பதையும் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும். இந்தியாவில் படித்தவர்கள் சான்றிதழ் மதிப்பீட்டில் அனாடமிக்கு எத்தனை கிரெடிட் வந்திருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் நைட் டியூட்டிக்கு நடுவே ஓர் ஆன்லைன் கோர்ஸை முடித்தார். கிடைத்தது சிஇ, அதாவது தொடர்கல்விச் சான்றிதழ். லைசென்ஸ் புதுப்பிக்க ஆகும். கிரேடு இல்லாததால் ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, துளியும் ஏறவில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) கிரேடாக விழுமா என்று பாருங்கள். பல இடங்களுக்கு கம்யூனிட்டி காலேஜே போதும், செலவும் குறைவு. அனாடமியில் ஏற்கெனவே 'ஏ' இருந்து, அது காலாவதியும் ஆகவில்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம். முதுகலை அளவிலான பேத்தோஃபிசியாலஜி (நோயில் உடல் இயக்கம் எப்படி மாறுகிறது என்ற பாடம்) எடுங்கள். அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

மறந்ததை மீட்க என்றால் சிலபஸைப் பாருங்கள். உடம்பின் எலும்பு, தசை அத்தனையையும் ஒப்பிக்க வைக்கும் கோர்ஸ் மயக்க மருந்து கொடுக்கும் எங்கள் தொழிலுக்குப் பாதிதான் உதவும். தோள் ஆபரேஷனுக்குக் கழுத்தில் இன்டர்ஸ்கேலீன் பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போடுகிறோம். மருந்து, கழுத்துத் தண்டிலிருந்து தோளுக்குப் போகும் சி5, சி6 நரம்பு வேர்களை மரத்துப்போக வைக்கும். பக்கத்திலேயே கழுத்தின் ஸ்கேலீன் தசையின் முன்புறமாக இறங்கும், உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பையும் பெரும்பாலும் பிடித்துவிடும். அந்தப் பக்க உதரவிதானம் வேலை செய்யாது. ஆரோக்கியமானவருக்கு அது தெரியாமலே போகலாம். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு மூச்சு முட்டும். தோள் மரத்த அதே ஆள் சுண்டுவிரலை ஆட்டிக் காட்டுவார், ஏனென்றால் சுண்டுவிரல் பக்கம் போகும் சி8, டி1 வேர்கள் வரை மருந்து சரியாக எட்டவில்லை. அனாடமியை இப்படிச் சொல்லித் தரும் கோர்ஸுக்குக் காசு கொடுக்கலாம். மூச்சுப்பாதை, முதுகுத்தண்டு, நரம்புப் பின்னல்கள் இம்மூன்றுக்கும் எத்தனை வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கெடாவர் லேப் (இறந்தவர் உடலை வைத்துக் கற்கும் கூடம்) இருந்தால் கொஞ்சம் தூரமானாலும் போங்கள்.

ஃபுல் டைம் டியூட்டியோடு ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் போதும். அவசரப்பட்டு மூன்று எடுத்து 'சி' வாங்கினால், அதுவும் டிரான்ஸ்கிரிப்டில் ஏறிவிடும்.