டைட்டில் கிரெடிட்ஸ் – எழுத்தோட்டம்

"பேர் போட்டுட்டாங்களா?" தியேட்டருக்குத் தாமதமாக வந்து, இருட்டில் இருக்கையைத் தேடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறோமே, அந்தக் கேள்வியிலேயே டைட்டில் கிரெடிட்ஸுக்கான தமிழ் இருக்கிறது. பெயர் போடுவது. வினைச்சொல் எப்போதோ வழக்கில் வந்துவிட்டது. பெயர்ச்சொல்தான் இன்னும் நிலைக்கவில்லை.

டைட்டில் என்பதற்கு மூலம் லத்தீனில் உள்ள 'டிடுலுஸ்'. எழுதி மாட்டிய பலகை அல்லது சீட்டு என்று பொருள். ரோமானியர்கள் வெற்றி ஊர்வலத்தில் தூக்கிச் சென்ற பலகை, நூற்சுருளில் தொங்கவிட்ட பெயர்ச்சீட்டு, சிலுவையில் இயேசுவின் தலைக்கு மேல் வைத்த பலகை எல்லாமே டிடுலுஸ்தான். மௌனப்பட காலத்தில் நிஜமாகவே அட்டையில் எழுதி அதைப் படம் பிடித்தார்கள். அட்டை போய்விட்டது, டைட்டில் 'கார்டு' என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கிரெடிட் வந்த வழி வேறு. நம்புவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்து, நம்பி ஒப்படைத்தது, கடன் என்று பொருள் விரிந்த சொல் அது. தமிழிலும் கடன் என்றால் வாங்கிய பணம் மட்டுமல்ல, செய்தே ஆக வேண்டிய கடமையும்கூட. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்கிறது புறநானூறு. சம்பளம் வாங்காமல் விடிய விடிய லைட் பிடித்த நண்பனின் பெயரைத் திரையில் போடுவது இரண்டு பொருளிலும் கடன்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? படத்தின் பெயர் மட்டும் வரும் சட்டகத்துக்குத் 'தலைப்பு அட்டை' போதும். மொத்தப் பகுதியையும் 'பெயர்ப் பட்டியல்' என்றால் வாக்காளர் பட்டியல் வாசனை அடிக்கிறது. 'எழுத்தோட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள், என் ஓட்டு அதற்குத்தான். எழுத்தும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. பெயர்கள் வெறுமனே அடுக்கப்படவில்லை, காட்சியாக நகர்கின்றன என்பதை அந்தச் சொல் சொல்லிவிடுகிறது.

திரில்லரில் இந்த ஓட்டத்துக்குத் தனி வேலை உண்டு. கதை தொடங்கும் முன்பே வயிற்றைப் பிசைய வைக்க வேண்டும். 1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்துக்கு, அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் செய்த எழுத்தோட்டத்தைப் பாருங்கள். ரத்தமும் இல்லை, கத்தியும் இல்லை. கோடுகள் பாய்ந்து வருகின்றன. பெயர்கள் துண்டுதுண்டாக விலகி நின்று, ஒரு கணம் சேர்ந்து, மறுபடி சிதறுகின்றன. உடைந்த மனம் ஒன்றின் கதை என்பதை எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. கையில் காசில்லாமல் குறும்படம் எடுக்கும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ரத்தம் சொட்டும் எழுத்துருவை இறக்குவதற்கு முன், 'என் கதையில் எது உடைகிறது, எது மறைகிறது?' என்று கேட்டுக்கொண்டால் போதும், அசைவு தானாகப் பிடிபடும்.

தமிழில் செய்பவர்களுக்கு இரண்டு சங்கடங்கள் உண்டு. எழுத்தைக் கீறிச் சிதைக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'கண்' இருந்த இடத்தில் 'கண' நிற்கும். கீறல் கோட்டின் மேல் விழட்டும், புள்ளியைத் தொடவே கூடாது. அப்புறம், சில எடிட்டிங் மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பை மாற்றாவிட்டால் 'கொலை' உடைந்துவிடும். ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்றுமதி செய்த வீடியோவைப் பெரிய திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு பெயரும் வாய்விட்டு இரண்டு முறை வாசிக்கும் நேரமாவது திரையில் நிற்கட்டும். பெயர்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுக்காதீர்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, திரையில் எப்படி வர வேண்டுமோ அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லூரிப் பதிவேட்டில் 'எம்.' என்று இருப்பவர் 'மு.' என்று போடச் சொல்லலாம், அம்மா பெயரின் முதலெழுத்தையும் சேர்க்கச் சொல்லலாம். தாளில் உள்ளபடியே தட்டச்சு செய்து, அவரிடமே ஒருமுறை காட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.