பாலன் குடிலுக்கு நெல் விதைக்கும் முன்

மார்கழி பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் முதல் வேலை நெல் ஊறவைப்பது. இயேசு பாலன் பிறந்த தொழுவத்தைக் காட்டும் பாலன் குடிலுக்குப் புல்வெளி வேண்டும். ஊறிய நெல்லை ஒரு தட்டில் பரப்பி, தண்ணீர் விட்டு, வெளிச்சம் படும் மூலையில் வைத்தால் 8, 10 நாளில் விரல் நீளத்துக்குப் பச்சை ஏறிவிடும். செலவு ஒரு பிடி நெல். கடையில் விற்கும் பிளாஸ்ரிக் புல் இந்த அழகுக்குக் கிட்டவும் வராது.

முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் நுளம்பாக மாறுவதற்கும் ஏறத்தாழ அதே 7 முதல் 10 நாள்தான் எடுக்கும்.

நான் வட இலங்கையின் வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன், நத்தாருக்கு 2 நாள் இருக்கும்போது, விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டு அம்மா குடிலைக் காட்டினார். செம்மண் குழைத்துப் பூசிய சாக்கு மலையாக நின்றது. வைக்கோல் கூரை, தென்னை ஈர்க்கில் வேலி, பழைய பிஸ்கட் ரின் மூடியில் நெல் நாற்று. இவ்வளவும் அவரே பேரப்பிள்ளைகளை வைத்துச் செய்தது. நாற்றை விரலால் விலக்கி ரோச் அடித்துப் பார்த்தேன். வேர்களுக்கு இடையில் அரை அங்குலத் தண்ணீர் நின்றது. வெளிச்சம் பட்டதுதான் தாமதம், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளித்தன.

"ஐயோ தம்பி, நேற்றும் புதுத் தண்ணி விட்டனானே" என்றார் அம்மா.

அவர் பொய் சொல்லவில்லை. புதுத் தண்ணீர் விட்டார், பழையதை ஊற்றவில்லை. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில்தான் முட்டையை ஒட்டுகிறது. மேலும் மேலும் தண்ணீர் விட, மட்டம் உயர்ந்து, அந்த முட்டைகள் நனைந்து பொரிக்கும். தண்ணீர் தெளிவாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை.

நெல் விதைக்க வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தட்டை மாற்றுங்கள், அது போதும். அடியில் ஆணியால் ஏழெட்டுத் துளை போட்ட மூடியோ பிளாஸ்ரிக் பெட்டியோ எடுங்கள். இரண்டு விரல் கனத்துக்கு மண்ணும் தும்புத்தூளும் கலந்து போட்டு, முளைகட்டிய நெல்லை நெருக்கமாகத் தூவுங்கள். காலையும் மாலையும் கையால் தெளித்தால் போதும். மண் ஈரமாக இருந்தால் நாற்று வரும், தண்ணீர் தேங்க வேண்டிய தேவையே இல்லை. கீழே தட்டு வைத்தால் அதில் வடிவதை அன்றன்றே ஊற்றிவிடுங்கள். அப்புறம், குடிலில் குளம் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். உடைந்த முகக்கண்ணாடித் துண்டின் விளிம்பை மண்ணால் மூடி வையுங்கள். வாத்து பொம்மையின் நிழலும் அதில் விழும்.

இவ்வளவு கவலைப்படக் காரணம் எங்கள் மழை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை வன்னியை நனைக்கிறது. காலபோக வயல் பச்சையாக நிற்கிற இந்தக் காலம்தான் வடக்கில் டெங்கு தலைதூக்கும் காலமும். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. அந்த வருடத்தை வேலைசெய்து கடந்தவர்கள் யாரும் தண்ணீர் நிற்கும் ஒரு யோகட் கோப்பையைச் சும்மா தாண்டிப் போகமாட்டோம்.

போர் முடிந்து மீள்குடியேறிய முதல் வருடங்களில் தகரக் கொட்டில்களுக்குள் கடதாசிப் பூவும் சிரட்டையும்தான் சோடனையாக இருந்தன. அந்தக் கைவேலை இன்னும் எங்களிடம் இருக்கிறது. சிரட்டை மணியைப் பாருங்கள். தேங்காய் உடைத்ததும் கண் உள்ள பாதியை எடுத்து வையுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மென்மையாக இருக்கும், அதைக் கம்பியால் குத்தினால் துளை தயார். வெளிப்புறத் தும்பைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும், பெயின்ற் தேவையில்லை. கயிற்றைக் கண் வழியாக இழுத்து உள்ளே முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குக் கீழே ஒரு சிரட்டைத் துண்டைத் தொங்கவிடுங்கள். காற்றுக்கு டொக் டொக் என்று தட்டும். வாய் கீழே பார்க்கத் தொங்குவதால் எந்த மழைக்கும் பயமில்லை. அதே சிரட்டையை வாய் மேலே பார்க்க வேலியில் விளக்காக வைத்தால் ஒரே இரவு மழையில் நிரம்பிவிடும். யோகட் கோப்பை, வெட்டிய போத்தல் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு: கவிழ்த்துத் தொங்கவிடுங்கள், முடியாவிட்டால் அடியில் துளை போடுங்கள்.

நத்தார் மரத்துக்குச் சவுக்குக் கிளை வெட்டி வாளித் தண்ணீரில் நிறுத்துவது வழக்கம். வாளி நிறைய மணலைப் போட்டு நனைத்து, அதில் ஊன்றுங்கள். கிளையும் அசையாது, நுளம்புக்கும் இடமில்லை. கிளை தேடிக் காட்டுக்குள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஒரு அடிகூட வைக்கக்கூடாது. பலகை இல்லாத இடத்திலும் மழை மண்ணைக் கரைத்து, புதைந்த வெடிபொருட்களை வெளியே கொண்டுவரும். துருப்பிடித்ததோ பளபளப்பானதோ, தெரியாத எந்த இரும்புப் பொருளைக் கண்டாலும் தொடாமல் விலகி வந்து பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள். வளவில் உதிர்ந்த முருங்கைக் கொப்பை நட்டு, பஞ்சு ஒட்டினாலே மரம் வந்துவிடுமே.

நட்சத்திரக்கூட்டுக்கு 10 தடி போதும். ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம் செய்து, ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டி, உட்பக்க மூலைகளில் ஐந்து சிறு குச்சியைக் குறுக்கே கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு வரும். ரிசுப் பேப்பர் ஒட்ட, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை நன்றாகப் பிடிக்கும். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் பசைக் கையை வாயில் வைப்பார்கள், வேண்டவே வேண்டாம். கூட்டுக்குள் மெழுகுதிரியோ பழைய குண்டு பல்போ வைக்காதீர்கள், சூட்டில் தாள் பற்றிவிடும். கிடுகுக் கூரை என்றால் சொல்லவே வேண்டாம். சிறிய எல்.இ.டி. பல்ப் ஒன்று போதும், வயரின் இணைப்பு மழை படாத விறாந்தைக்குள் இருக்கட்டும்.

எனக்கு அதிக வேலை வருவது தை மாதத்தில். மூவிராசாக்கள் திருநாள் முடிந்ததும் சோடனை எல்லாம் கொல்லைப்பக்கம் வீசப்படும். ஆசையாகச் செய்த கோப்பையும் சிரட்டையும் அங்கே மல்லாந்து கிடந்து மழைநீர் பிடிக்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி இப்படி நுளம்பு பெருக விடுவது குற்றம், வழக்கும் போடலாம். நத்தார் கொண்டாடிய வீட்டுக்கு அந்த வழக்குப் படிவத்தோடு போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. சோடனையைக் கழற்றும் நாளிலேயே வைப்பதையும் கழிப்பதையும் பிரித்துவிடுங்கள். முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு கிடக்கும், வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. அதனால் அடுத்த வருடத்துக்கு வைப்பதை உட்புறம் தும்பால் உரஞ்சிக் கழுவி, வெயிலில் காயவைத்து, பரணில் கவிழ்த்து வையுங்கள். வெடித்த சிரட்டையை அடுப்புக்குப் போடுங்கள். நாற்றை மண்ணோடு எடுத்து ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொடுத்துவிட்டு, தட்டையும் மறக்காமல் உரஞ்சிக் கழுவுங்கள்.