வெயில்ல உடம்பு கொதிச்சா அது ஜுரம் இல்லீங்க

போன வாரம் மத்தியானம் மூணு மணி இருக்கும், ஆந்திரா சித்தூர்ல எங்க ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு ஒரு தாத்தாவ ஆட்டோல தூக்கிட்டு வந்தாங்க. உடம்பு மேல கம்பளி! தொட்டா தோசைக்கல்லு மாதிரி சுடுது, பேரு கேட்டா என்னமோ உளர்றாரு, ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வச்சு பாத்தா 41.3 டிகிரி செல்சியஸ். "காலைலேந்து ஜுரம் சார், மூணு தடவ பாராசிட்டமால் குடுத்தோம், எறங்கவே இல்ல"ன்னு மகன் அழறாரு. இந்த கத்திரில இதே பேச்ச எத்தன பேர்கிட்ட கேட்டுட்டேன், அதான் ட்யூட்டி முடிஞ்ச கையோட எழுதறேன்.

தயவுசெஞ்சு புரிஞ்சுக்குங்க. ஜுரம்ங்கறது கிருமி உள்ள வந்ததும் மூளையே "சூட்ட ஏத்து"ன்னு உடம்புக்கு சொல்றது. பாராசிட்டமால் அந்த உத்தரவத்தான் எறக்கும். வெயில் அடிச்சவருக்கு, அதான் ஹீட் ஸ்ட்ரோக்னு சொல்றோமே, மூளை அப்படி எதுவும் சொல்லல, வெளிச் சூட்ட வெளியேத்த முடியாம உடம்பு தோத்துப் போச்சு, அங்க மாத்திரைக்கு வேலையே இல்ல. ஒன்னு, ரெண்டு, மூணு, எத்தன குடுத்தாலும் எறங்காது. ஏற்கனவே வெந்து போயிருக்கற ஈரலுக்கு அது கூடுதல் சுமை வேற. அதவிட மோசம், மாத்திரை வேலை செய்யட்டும்னு காத்திருக்கறீங்க பாருங்க, அந்த ரெண்டு மணி நேரத்துலதான் ஆள் கைய விட்டுப் போறாரு.

எங்க ஊர் தெலுங்குல இந்த வெயில் அடிக்கறத வடதெப்பன்னு சொல்வாங்க, தெப்பன்னா அடி. அதனாலயோ என்னவோ ரோட்டுல நடந்தாத்தான் அடிக்கும்னு நெனப்பு. இந்த தாத்தா வாசப்படி தாண்டல, மேல் மாடி ரூம்ல படுத்திருந்தாரு. பகல் பூரா காஞ்ச கான்க்ரீட் ராத்திரியும் அனல் விடும், சிமெண்ட் ஷீட் வீடுன்னா பகல்ல கேக்கவே வேணாம். வானிலைக்காரங்க சொல்ற 40 டிகிரி நிழல்ல எடுத்த கணக்கு, உங்க ஷீட்டுக்கு கீழ அதவிட ஜாஸ்தி. அந்த ரூம்ல ஃபேன் மட்டும் போட்டா சுடுகாத்துதான் சுத்தும், உடம்ப ஈரம் பண்ணிட்டு ஃபேன் போடுங்க.

பேச்சு கொழறுது, குழப்பம், வலிப்பு, மயக்கம், இதுல ஒன்னு வந்தாலும் உடனே 108க்கு அடிங்க. வேர்வை வருதே, அப்ப ஒன்னும் இல்லன்னு உக்காந்துராதீங்க, வெயில்ல மூட்டை தூக்கறவங்களுக்கு வேர்த்துக்கிட்டே அடிக்கும். வண்டி வர்றவரைக்கும் துணிய கழட்டி, குடம் குடமா தண்ணி ஊத்துங்க, விசிறுங்க, கழுத்து அக்குள் தொடையிடுக்குல ஐஸ் கட்டிய துணில சுத்தி வைங்க. நெனவு இல்லாதவர் வாய்ல தண்ணி ஊத்தாதீங்க, நெஞ்சுல ஏறிடும்.

நெனவா இருக்கறவங்க தாகம் வர்றவரைக்கும் காத்திருக்காம உப்பு போட்ட நீர்மோர், கூழ், எளநீர்னு குடிக்கணும். ஓஆர்எஸ்ஸ பாக்கெட்ல போட்ட அளவு தண்ணிலதான் கரைக்கணும், பெரிய பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர், அரை டம்ளர்ல கலக்கி குடுக்கறத நிறுத்துங்க. பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிடறவங்க நீங்களா நிறுத்தாம உங்க டாக்டர இந்த வாரமே பாத்து கேளுங்க, இவங்களுக்குத்தான் சீக்கிரம் அடிக்குது. ஷீட் வீட்டுக்காரங்க கூரை மேல ஈரச் சாக்கு போடுங்க, முடிஞ்சா வெள்ளை சுண்ணாம்பு அடிங்க.

தாத்தா மூணாம் நாள் கண்ணு தொறந்து மகன் பேர சொன்னாரு, கிட்னி இன்னும் சரியாகல. உங்க மாடில தனியா இருக்கற பெரியவங்கள மத்தியானம் ஒரு தடவ, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ போய் பேச்சு குடுத்துப் பாருங்க, கையெடுத்து கேட்டுக்கறேன்.